சரிந்த மலைதான் மறுபடி சரிகிறது

2015 இலையுதிர் காலத்தில் ஒரு நாள், கலிஃபோர்னியாவின் பிக் சுர் கடற்கரையில், ஹைவே ஒன் சாலையோரம் வண்டியை நிறுத்தி இறங்கினோம். எல்லோரும் கடலைப் பார்த்து நின்றார்கள். பார்த்தால் நின்றுவிட வைக்கிற கடல்தான் அது. எனக்கு மட்டும் காலடியில் ஏதோ சரியில்லாத மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். தார்ச்சாலையில் பிறை மாதிரி வளைந்து, இரண்டு முனையும் கடல் பக்கம் இறங்கியபடி ஒரு விரிசல். அதில் தார் ஊற்றி அடைத்திருந்தார்கள். அடைத்த தார் பிளந்து, அதன்மேல் மறுபடி ஊற்றியிருந்தார்கள். பழைய தார் வெளுத்துச் சாம்பலாகவும் புதிய தார் பளபளவென்று கறுப்பாகவும் இருந்ததால், எத்தனை முறை அடைத்தார்கள் என்று எண்ணிவிடலாம். நான்கு முறை. வலது காலைக் கடல் பக்கமும் இடது காலை மலைப் பக்கமும் வைத்து நின்றேன். வலது கால் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

எங்களோடு கல்லூரியில் எனக்கு மூத்தவரான ஓர் அண்ணன் வந்திருந்தார். மண், அடித்தளம், மலைச்சரிவு, இதெல்லாம்தான் அவர் தொழில். நான் விரிசலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "தம்பி, ரோட்டைப் பார்த்தது போதும். மேலே மரங்களைப் பார்" என்றார். பார்த்தேன். சாலைக்கு மேலே சரிவில் நின்ற மரங்களின் அடிப்பகுதி கடல் பக்கம் சாய்ந்து, அப்புறம் வளைந்து நேராக மேலே போயிருந்தது. மரம் நேராக வளரத்தான் பார்க்கிறது. கீழே இருக்கும் மண் அதைச் சாய்த்துக்கொண்டே இருக்கிறது. இன்னும் மேலே, கெட்டித்தயிரில் கரண்டியால் ஒரு வழி எடுத்த மாதிரி மலையில் ஒரு குழிவு. குழிவுக்குக் கீழே படிப்படியாக மேடும் பள்ளமும். அதற்கும் கீழே, நாங்கள் நின்ற இடத்தையும் தாண்டி, மலையின் வயிறு கடலுக்குள் புடைத்துக்கொண்டிருந்தது.

"இது எப்பவோ சரிந்த இடம். இன்னும் சரிந்து முடிக்கவில்லை" என்றார் அண்ணன்.

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. அதுவரை நிலச்சரிவு என்றால் ஒரு நிமிடத்தில் நடந்து முடிகிற விபத்து என்றுதான் நினைத்திருந்தேன். மழை பெய்தது, மலை விழுந்தது, செய்தி வந்தது, அவ்வளவுதான் என்று. சரிவு என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடக்கிற வேலையாகவும் இருக்கலாம், நாம் அதன் நடுவில் சாலையைப் போட்டு, வீட்டைக் கட்டி, ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது. அதற்கப்புறம் பத்தாண்டுகளாகக் கலிஃபோர்னியாவின் கடலோர மலைகளைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த மலை எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். பிக் சுரில் சாண்டா லூசியா மலைத்தொடர் கடலிலிருந்து நேராக எழுகிறது. கோன் பீக் என்ற சிகரத்தின் உயரம் 1,571 மீட்டர். கடலிலிருந்து அது 5 கி.மீ.கூட இல்லை. அமெரிக்காவின் நிலப்பரப்பில் கடலோரத்தில் இவ்வளவு செங்குத்தாக மலை ஏறும் இடங்கள் அரிது. செங்குத்தாக இருந்தாலும் கெட்டிப் பாறையாக இருந்தால் நிற்கும். வடக்கே கார்மெல் பக்கத்தில் கிரானைட் வகைப் பாறை; அங்கே கரை ஓரளவு கட்டுக்கோப்பாக இருக்கிறது. தெற்கே போகப் போகப் பாறை மாறிவிடுகிறது. அங்கே இருப்பதை ஃபிரான்சிஸ்கன் தொகுதி என்கிறார்கள்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு பசிபிக் பக்கத்திலிருந்த ஒரு கடற்தட்டு (பூமியின் மேலோடு இப்படிப் பெரிய தட்டுகளாகத்தான் இருக்கிறது) வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தது. போகும்போது அதன் மேலிருந்த கடலடி மண், எரிமலைப் பாறை, மணற்கல் எல்லாம் சுரண்டப்பட்டு, நசுங்கி, முறுக்கப்பட்டுக் கண்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டன. அதுதான் ஃபிரான்சிஸ்கன் பாறை. கெட்டியான பாறைத் துண்டுகள் நொறுங்கிய களிப்பாறைக்குள் இஷ்டத்துக்குக் கிடக்கும். புவியியலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மெலாஞ்ச். பிரெஞ்சு மொழியில் 'கலவை' என்று பொருள். வீடு இடித்த குப்பையை ஈரக் களிமண்ணில் போட்டுக் குழைத்து, அதையே ஒரு மலையாக நிறுத்திவைத்த மாதிரி.

கோர்டா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஜேட் கோவ் என்று ஒரு குடா இருக்கிறது. அங்கே இறங்கி ஒரு கல்லைக் கையில் எடுத்தேன். செர்ப்பென்டைன். கரும்பச்சை, பாம்புத்தோல் மாதிரி ஒரு மினுமினுப்பு. கட்டைவிரலால் தேய்த்தால் மாக்கல்லைத் தேய்க்கிற வழுவழுப்பு. அழகான கல்தான், 1965 முதல் கலிஃபோர்னியாவின் மாநிலப் பாறையே அதுதான். ஆனால் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து லேசாகச் சாய்த்தவுடன் மேலிருந்தது நழுவிவிட்டது. இப்படிப்பட்ட வழுக்குப் பாறை பட்டை பட்டையாக உள்ளே ஓடும் மலையின் இடுப்பில்தான் ஹைவே ஒன் போகிறது. கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே ஏறி வந்தேன்.

மலைக்கு மேலேயிருந்து மழை, கீழேயிருந்து கடல். தட்டுகளின் நெருக்கத்தில் மலை உயர்ந்துகொண்டே வருகிறது. அலை அதன் அடிமடியிலேயே கைவைத்துக்கொண்டிருக்கிறது. மேலே இருப்பது கீழே வந்துதான் ஆக வேண்டும். அந்தக் கரையின் அத்தனை அழகும் இப்படி விழுந்து விழுந்து உண்டானதுதான்.

இதில் மனிதர்கள் 1919இல் சாலை போட ஆரம்பித்து 1937இல் முடித்தார்கள். சிறைக்கைதிகளையும் வேலைக்கு வைத்தார்கள். வெடி வைத்து மலையை வெட்டினார்கள், வெட்டிய கல்லையும் மண்ணையும் கடல் பக்கம் தள்ளினார்கள். அன்றைக்கு இருந்த கருவிகளை வைத்துப் பார்த்தால் அது பெரிய சாதனைதான். ஆனால் சரிவுக்கு எதைச் செய்யக்கூடாதோ அந்த இரண்டையும் செய்தாயிற்று. சாலைக்கு மேலே இருக்கும் சரிவின் அடி வெட்டப்பட்டதால் அது தாங்கல் இழந்தது; கீழே இருக்கும் சரிவின் தலையில் பாரம் ஏறியது. மலைச்சாலை எங்கே போட்டாலும் இந்தச் சிக்கல் உண்டு. ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் மலையில் போட்டால் சொல்ல வேண்டியதில்லை.

பிக் சுர் போகிறவர்கள் தவறாமல் படம் எடுக்கும் ஓர் இடம் மக்வே அருவி. 24 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு சின்னக் குடாவின் மணலில் விழுகிறது. அருவி, வெள்ளை மணல், நீலக் கடல். அந்த மணல் 1983க்கு முன்னால் அங்கே இல்லை. அதுவரை அருவி நேராகக் கடலில்தான் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு பக்கத்தில் ஒரு பெரும் சரிவு சாலையை விழுங்கியது. சாலையைத் திருப்பி அமைக்க ஓராண்டு ஆனது. புல்டோசர் ஓட்டிய ஒரு தொழிலாளி அந்தச் சரிவில் உயிரிழந்தார். அவர் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. சரிந்ததும் வெட்டித் தள்ளியதுமான மண் கடலில் இறங்கி, அலை அதை வாரிக்கொண்டுவந்து குடாவுக்குள் சேர்த்தது. படத்தில் நாம் பார்க்கும் கடற்கரை அப்படி வந்ததுதான். நானும் அந்த இடத்தில் படம் எடுத்திருக்கிறேன். இது தெரிந்தபிறகு அங்கே போனால் கேமராவை எடுக்கக் கை வருவதில்லை.

சரி, மழைக்கும் சரிவுக்கும் என்ன தொடர்பு? தண்ணீர் மண்ணை 'வழுக்க' வைக்கிறது என்றுதான் பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மைகூட இல்லை. இதை விளக்க அண்ணன் சமையலறைக்குக் கூட்டிப்போனார். வெந்நீரில் கழுவிய டம்ளரை ஈரமான கல்மேடை மேல் கவிழ்த்து வைத்தார். டம்ளர் தானாக நகர்ந்தது. எல்லோரும் பார்த்திருப்போம். டம்ளரின் எடை குறையவில்லை, மேடையின் சாய்வு கூடவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூட்டில் விரிந்து டம்ளரை மயிரிழை தூக்கிப் பிடிக்கிறது. விளிம்பு மேடையை அழுத்துவது குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வு போயிற்று.

மலைக்குள்ளும் இதேதான். சறுக்கும் பரப்புக்கு மேலே இருக்கும் மண்ணின் எடைதான் அதை அழுத்திப் பிடித்துவைத்திருக்கிறது. மண் துகள்களுக்கு நடுவில் தண்ணீர் ஏறி, அந்தத் தண்ணீரின் அழுத்தம் கூடக் கூட, எடையில் ஒரு பங்கைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. மண்ணோடு மண் உரசிப் பிடிக்கும் பிடி தளர்கிறது. கார்ல் டெர்சாகி என்ற பொறியியலாளர் 1920களில் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார். மண்ணியல் பொறியியல் முழுவதும் இன்றைக்கும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆகவே ஆபத்தை நிர்ணயிப்பது வானத்திலிருந்து விழும் தண்ணீரைவிட மலைக்குள் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதுதான். பல பத்து மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் இறங்க வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். மழை விட்டு, வெயில் அடித்து, எல்லோரும் மூச்சு விட்டபிறகு மலை விழுவது இதனால்தான்.

மட் க்ரீக் அப்படித்தான் விழுந்தது. கோர்டாவுக்குச் சற்றுத் தெற்கே உள்ள இடம். சில ஆண்டுகள் கடும் வறட்சி. அதைத் தொடர்ந்து 2016-17 குளிர்காலத்தில் கொட்டோ கொட்டென்று மழை. பிப்ரவரியில் வடக்கே ஃபைஃபர் கேன்யன் பாலத்தின் தூண் சரிவில் நகர்ந்து, பாலத்தையே இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. மட் க்ரீக்கில் கல் விழுந்துகொண்டே இருந்தது; ஆட்கள் சாலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மே மாதத்தில் அசைவு கூடுவதைப் பார்த்து, ஆட்களையும் இயந்திரங்களையும் அங்கிருந்து வெளியேற்றினார்கள். சில நாள் கழித்து, மே 20, சனிக்கிழமை இரவு, மலை மொத்தமாக இறங்கியது. 20 லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட கல்லும் மண்ணும். சுமார் 400 மீட்டர் நீளத்துக்குச் சாலை பத்து மீட்டருக்கும் மேலான ஆழத்தில் புதைந்தது. கடலுக்குள் பத்து ஏக்கருக்கு மேல் புதிய நிலம் நீட்டிக்கொண்டது. ஒருவருக்கும் காயமில்லை. "ஆட்களை வெளியேற்றுங்கள்" என்று சரியான நேரத்தில் சொன்னவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஒரு விரிசலின் அகலம் நேற்றைவிட இன்று கூடியிருக்கிறது என்பதை அளந்து, அதை நம்பி, வேலையை நிறுத்தச் சொல்லத் துணிவு வேண்டும்.

பிறகு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் ரேடார் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே இடத்தை வெவ்வேறு நாட்களில் ரேடாரால் படம் பிடித்து, திரும்பி வரும் அலைகளின் வேறுபாட்டை ஒப்பிட்டால், தரை சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். 2019இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி மட் க்ரீக் விழுவதற்கு முன் எட்டு ஆண்டுகளாக நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் வேகம், கோடையில் கொஞ்சம் மெதுவு. அப்படியே காலம் தள்ளியிருக்கும். வறட்சியிலிருந்து சட்டென்று பெருமழைக்கு மாறியபோது உள்ளே நீரழுத்தம் ஒரேயடியாக ஏறி, மெல்ல ஊர்ந்த சரிவு பாய்ந்துவிட்டது. 2015இல் நாங்கள் அந்த வளைவைக் கடந்துதான் தெற்கே போனோம். கடலோரத் தடத்தில், நான்தான் ஓட்டினேன். அப்போதும் அது நகர்ந்துகொண்டிருந்தது.

லா கொஞ்சீட்டா என்ற கடலோரச் சிற்றூருக்கு நான் போனது 2019இல். சாண்டா பார்பராவுக்கும் வென்சுராவுக்கும் நடுவில், ஒரு பக்கம் ஹைவே, ரயில் பாதை, கடல். இன்னொரு பக்கம் சுமார் 180 மீட்டர் உயர மலைமுகம். நடுவில் சில தெருக்கள், அவ்வளவுதான் ஊர். அலைச்சத்தம் கேட்கும். வீட்டு வாசல்களில் அலைச்சறுக்குப் பலகைகள் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு தெருவின் கோடியில் வீடுகள் சட்டென்று முடிந்து வேலி வருகிறது. வேலிக்கு அப்பால் சீரில்லாத மண்மேடு, அதன்மேல் புல். வேலியில் யாரோ செருகி வைத்த பூக்கள் காய்ந்திருந்தன.

1995 மார்ச் 4 அன்று, மழை இல்லாத நாளில், அந்த மலைமுகம் சரிந்தது. பெருமழை பெய்தது ஜனவரியில். சரிவு ஆழமானது, நகர்ந்த வேகமும் ஓடித் தப்பிக்கக்கூடிய வேகம்தான். ஒன்பது வீடுகள் நொறுங்கின, யாரும் சாகவில்லை. சாலைக்கு மண் வராமல் இருக்க அடியில் ஒரு தடுப்புச்சுவர் கட்டினார்கள். அடுத்த பெரும் சரிவைத் தாங்குவதற்குக் கட்டிய சுவர் இல்லை அது. பத்தாண்டுகள் போயின. 2005 ஜனவரி 10, விடாமல் பதினைந்து நாள் பெய்த மழையின் முடிவில், 1995இல் சரிந்து கிடந்த அதே மண்ணின் ஒரு பகுதி குழம்பாகி, ஊருக்குள் பாய்ந்தது. இந்த முறை ஓட நேரமில்லை. 13 வீடுகள் அழிந்தன, 23 வீடுகள் சேதமாயின. பத்துப் பேர் இறந்தார்கள்.

ஒரே மலைமுகம், ஒரே மண். முதல் முறை மழை விட்டு இரண்டு மாதம் கழித்து மெதுவாக; இரண்டாவது முறை மழையிலேயே, வேகமாக. முதல் சரிவில் உயிர்ச்சேதம் இல்லை என்பதால் அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட யாருக்கும் மனம் வரும். சரிந்து விழுந்த மண் பழைய பாறையைவிடத் தளர்வானது, தண்ணீர் இறங்க வழி நிறைய உள்ளது. 'விழ வேண்டியது விழுந்துவிட்டது, இனி பயமில்லை' என்ற நினைப்பைப் போல ஆபத்தானது வேறில்லை. வேலியோரம் நின்றிருந்த நேரம் முழுக்க எனக்கு அண்ணன் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பழைய சரிவுகள்தான் குடியிருக்க நல்ல இடம் போலத் தெரியும். செங்குத்தான மலையில் கொஞ்சம் சமதளமாக இருப்பது எது? சரிந்து இறங்கி நின்ற மண்மேடை. அங்கே மண் ஆழமாக இருக்கும், ஊற்று இருக்கும், புல் நன்றாக வளரும், கடல் நன்றாகத் தெரியும். சாலை போடுகிறவருக்கும், மாடு மேய்க்கிறவருக்கும், மனை போடுகிறவருக்கும் கண் முதலில் அங்கேதான் போகும்.

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே பாலோஸ் வெர்டெஸ் குன்றுகளில் போர்ச்சுகீஸ் பெண்ட் என்ற பகுதி அப்படிப்பட்டதுதான். அடியில் எரிமலைச் சாம்பல் மாறி உண்டான பெண்டோனைட் களிமண் அடுக்கு. தண்ணீர் பட்டால் உப்பி, வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். அடுக்குகள் கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. மிகப் பழைய சரிவு ஒன்றின்மேல் வீடுகள் வந்தன. 1956இல் மேலே சாலையை நீட்டும் வேலை நடந்தபோது அந்தச் சரிவு விழித்துக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் போயின. அதிலிருந்து அது நிற்கவே இல்லை. கழிவுநீர்க் குழாயைத் தரைக்கு மேலே போட்டு, தரை நகர நகரச் சரிசெய்துகொண்டு எஞ்சியவர்கள் வாழ்ந்தார்கள். 2023, 2024 மழைகளுக்குப் பிறகு வேகம் பல மடங்கு கூடியது. 2024 இலையுதிர் காலத்தில் நாசா விமானத்தில் ரேடார் வைத்து அளந்தபோது, சில இடங்களில் வாரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருந்தது. வீடுகளுக்கு எரிவாயுவையும் மின்சாரத்தையும் துண்டித்தார்கள். கட்டடக் கலைஞர் லாய்ட் ரைட் வடிவமைத்த வேஃபேரர்ஸ் சேப்பல் என்ற கண்ணாடித் தேவாலயத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்துவைத்தார்கள்.

இந்தப் பேச்சில் பணத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலம் நகர்ந்து வரும் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. இது பலருக்கும் வீடு விரிசல் விட்டபிறகுதான் தெரிகிறது. நகர்கிற நிலத்தில் உள்ள வீட்டை விற்கவும் முடியாது, காலி செய்தாலும் கடன் தவணை கட்ட வேண்டும். "தெரிந்தேதானே அங்கே இருந்தார்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் போட்டவர்களுக்குப் போக இடம் எது? 2024 அக்டோபரில் போர்ச்சுகீஸ் பெண்ட் பகுதி வீடுகளை விரும்பியவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள 4.2 கோடி டாலர் திட்டம் ஒன்றை அரசு அறிவித்தது. மலையைத் தாங்கிப் பிடிக்கச் செலவழிப்பதைவிட மனிதர்களை நகர்த்தச் செலவழிப்பது நியாயம் என்பது என் கருத்து. அங்கே இருக்கும் வீடுகளின் விலையைப் பார்த்தால் அந்தத் தொகை மிகச் சிறியது என்பதும் என் கருத்து.

தீக்குப்பின் வரும் சேற்றுப்பாய்ச்சல் தனிக் கதை. அது ஆழமான சரிவு இல்லை. காடு எரிந்தால் வேர்ப்பிடிப்பு போய், மண்ணின் மேற்பரப்பு தண்ணீரை உள்ளே விடாது. கொஞ்ச நேரம் கனத்த மழை பெய்தால் போதும், சாம்பலும் கல்லும் மரமும் ஓடையில் திரண்டு பாயும். 2018 ஜனவரி 9 அதிகாலையில், தாமஸ் தீ என்று பெயர்பெற்ற காட்டுத்தீ எரித்துவிட்டுப்போன மலையடிவாரத்தில் உள்ள மாண்டெசிட்டோவில் இப்படித்தான் 23 பேர் போனார்கள். பிக் சுரில் 2020இல் டோலன் தீ எரிந்தது. 2021 ஜனவரியில் ராட் க்ரீக்கில் சாலைக்கு அடியில் ஓடை போக வைத்த குழாய் மரத்தாலும் சேற்றாலும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் சாலை மேல் ஏறி, சுமார் 45 மீட்டர் சாலையை அடியோடு கடலில் தள்ளியது. ஆழச் சரிவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இதற்கு நிமிடக்கணக்கு. இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை முறை பயன்படாது.

இவ்வளவும் தெரிந்தபிறகு சாலையை என்ன செய்வது? மட் க்ரீக்கில் சரிந்த மண்ணின் மேலேயே, அலை அரிக்காமல் அடியில் பாறைகளைக் குவித்து, புதிய சாலை போட்டார்கள். 5.4 கோடி டாலர். 2018 ஜூலையில் திறந்தது. 2023 ஜனவரியில் பால்ஸ் ஸ்லைட் என்ற இன்னொரு சரிவு சாலையை மூடியது. அந்த இடம் 2024 ஜூனில் திறப்பதற்குள் ரீஜென்ட்ஸ் ஸ்லைட் என்ற மற்றொரு சரிவு விழுந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டெவில்ஸ் ஸ்லைட் என்ற இடத்தில் பல பத்தாண்டுகள் சாலையைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துச் சலித்து, கடைசியில் மக்கள் வாக்கெடுப்பில் சுரங்கப்பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். 2013இல் திறந்த அந்தச் சுரங்கம் சரிவுக்குப் பின்னால், கெட்டிப் பாறைக்குள் போகிறது. பழைய சாலை இப்போது நடைபாதை.

எனக்கு மிகவும் பிடித்தது பிக் சுரின் பிட்கின்ஸ் கர்வ். அங்கே மலையை நிறுத்த முயலவில்லை. ஒரு பாலம், பக்கத்திலேயே கல்விழும் இடத்துக்கு ஒரு கூரை. சரிகிற மண் பாலத்துக்கு அடியில் போய்க்கொள்ளட்டும், விழுகிற கல் கூரைமேல் உருண்டு கடலுக்குப் போகட்டும் என்று வழிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். வடக்கே போகும்போது மலைப் பக்கத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு கண் மேலே இருக்கும். அந்தக் கூரைக்குள் நுழைந்ததும் தோள் தளர்வதை உணரலாம். எல்லா இடத்திலும் இப்படிக் கட்டக் காசு கிடையாது, எல்லா இடத்திலும் பாலத்தை ஊன்ற நல்ல பாறையும் கிடையாது. ஆனால் பணம் இருக்கிற இடத்தில் இதைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. பிக் சுரில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சாலைதான் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி. "மூடிவிட்டுப் போகலாமே" என்று வெளியிலிருந்து சொல்ல நமக்கு உரிமையில்லை.

சென்ற ஆண்டு செப்டம்பரில் அண்ணனோடு மறுபடி அந்தக் கரைப்பக்கம் போனேன். பழைய விரிசல் இருந்த இடத்தில் சாலை முழுவதும் புதிதாகத் தார் போட்டு மட்டமாக்கியிருந்தார்கள். சாலைக்கு மேலே, சரிவின் அடியில், வரிசையாகக் குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. மலைக்குள் கிடைமட்டமாக நீளத் துளையிட்டு, துளைபோட்ட குழாய்களைச் செருகியிருக்கிறார்கள். உள்ளே சேரும் தண்ணீர் அழுத்தம் ஏற்றாமல் வெளியே வடிந்துவிட வேண்டும் என்பதற்காக. அந்தப் பக்கம் ஐந்து மாதமாக மழை இல்லை. புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் நின்றது. ஐந்தாறு குழாய்கள் காய்ந்து கிடந்தன. கடைசிக் குழாயின் வாயில் பச்சைப் பாசி. உள்ளங்கையை அடியில் பிடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சொட்டு விழுந்தது, நல்ல குளிர்ச்சி. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். பதினொரு விநாடிக்கு ஒன்று.